ஐஸ் ஃபேக்டரி சபையில் துண்டு பிடித்தவள்

எங்கள் ஊர் பாப்டிஸ்ட் சபைக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, அதன் ஆரம்ப நாட்களைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சமிருந்தது என் பெரியம்மா ஒருத்திதான். அதனால் விழாவன்று அவளை மேடையேற்றி, முதல்முதலாகத் தண்ணீரில் இறங்கிய அந்த நாளைப் பற்றிச் சாட்சி சொல்ல வைப்பதென்று சபை கூடித் தீர்மானித்துவிட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை. அவர்கள் கை தூக்கி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெரியம்மா பின்னறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். பெரியம்மா அன்றைக்கு முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

பாப்டிஸ்ட்காரர்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் அவர்களிடம் கிடையாது. வளர்ந்த ஆள், தானாக மனசு வந்து, சபைக்கு முன்னால் சாட்சி சொல்லி, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போய் வர வேண்டும். அது நடக்கிறவரை யாராக இருந்தாலும் அங்கே விருந்தாளிதான். திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது, ஓட்டும் கிடையாது. இந்தக் கணக்குப்படி பார்த்தால், அந்தச் சபையைப் பெருக்கித் துடைத்த என் பெரியம்மா ஐம்பது வருஷ விருந்தாளி.

சபையைத் தொடங்கியவர் ஒரு கடிகாரக்காரர். எங்கிருந்தோ வந்து, கதவு அகலமே உள்ள ஒரு கடையைப் பிடித்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடிகாரம் ரிப்பேருக்குக் கொடுத்தவர்களிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். அப்படிச் சேர்ந்த ஒரு கைப்பிடி ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவதற்கு இடமில்லை. சலவைக்கடை முதலாளி மாடியிலிருந்த இஸ்திரி அறையை விட்டுக்கொடுத்தார். கொடுத்தாரே தவிர, மேசை விரிப்பில் ஒரு கறை பட்டாலும் தாங்க மாட்டார். அதனால் கடையில் வெந்நீர்க் கொப்பரை பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லி, "அவங்க எதையாவது பாழாக்கிடாம பார்த்துக்க" என்று காவல் வைத்தார். காவலுக்குப் போனவள் கேட்க உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது.

அவள் உட்கார்ந்தபிறகு பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார். சாலை போடுகிற கம்பெனியில் ரோலர் ஓட்டினவர் அவர். நல்ல உயரம். இஸ்திரி அறையின் உத்தரத்தில் தலை இடிக்காமல் இருக்க, ஜெபத்துக்கு எழுந்தாலும் குனிந்தே நிற்பாராம். அதைப் பார்த்து மற்றவர்கள் ரொம்பப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். கடிகாரக்காரர் முழுக்குப் பற்றிப் பேசத் தொடங்கியதும்தான் ஆளுக்கு முகம் வெளுத்தது. பெரியப்பாவுக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு பயம். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்த ஆள்.

"நான் தனியா இறங்கினா கல்லு மாதிரி போயிடுவேன். நீ பக்கத்துல நிக்கணும்" என்றார் பெரியம்மாவிடம்.

"நிக்கிறேன்."

"நிக்கிறது மட்டும் இல்ல. நீ முன்னாடியே முழுகிட்டு வந்து எனக்குத் தைரியம் சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் ஒண்ணா இறங்குவோம். ஒண்ணா நனைவோம்."

அதற்குள் கம்பெனி அவரைத் தூர தேசத்துக்கு ரோடு போட அனுப்பியது. வேலை முடிந்து திரும்பினதும் சேர்ந்து இறங்குவதென்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். கடிகாரக்காரரிடமும் சொன்னார்கள். "வரட்டும், தண்ணி எங்கயும் ஓடிடாது" என்றார் அவர். பெரியப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். உலகத்திலேயே மெதுவாகப் போகிற வண்டியை ஓட்டுகிற மனுஷன், எட்டாத தூரத்துக்கு எப்படித்தான் போனாரோ! இதை நான் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டு, "சும்மா இரு" என்பாள்.

அவர் போன பிறகுதான் முதல் முழுக்கு நடந்தது. சலவைக்கடைக்குப் பின்னால் வாய்க்கால் ஒன்று திரும்புகிற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில். பெரியம்மா கரையில் துண்டுகளோடு நின்றாள். கடையிலேயே துவைத்துச் சூடாக மடித்து எடுத்து வந்த துண்டுகள். நாலைந்து பேர் இறங்கி ஏறினார்கள். கடைசியாகத் தையல்காரரின் மாமியார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பயம். தண்ணீரில் காலை வைத்ததும் அலற ஆரம்பித்துவிட்டார். கடிகாரக்காரர் ஒல்லியான ஆள், அவரால் பிடிக்க முடியவில்லை. பெரியம்மா துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு இறங்கி, அந்த அம்மாளின் மறு கையைப் பிடித்தாள். கடிகாரக்காரர் பிதா, குமாரன் என்று சொல்லிச் சாய்த்தபோது அந்த அம்மாள் பிடித்த பிடியில் பெரியம்மாவும் சேர்ந்தே உள்ளே போய்விட்டாள். இரண்டு பேரும் தலையோடு கால் நனைந்து எழுந்தார்கள். கரையில் நின்றவர்கள் சந்தோஷத்தில் பாட்டை எடுத்தார்கள்.

அந்த வார்த்தைகளை யாருக்காகச் சொன்னது, யார் தற்செயலாக முழுகினது என்று கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? இரண்டு பெண்கள் நனைந்து வந்ததைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். விவரம் தெரிந்த ஒரே ஆளான கடிகாரக்காரர் அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

பெரியம்மா மறைக்கவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். அடுத்து பொறுப்புக்கு வந்த மருந்துக்கடைக்காரரிடம் அவளே போய், "ஐயா, நான் இன்னும் முழுகலைங்க" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க முழுகாம வேற யாரும்மா முழுகினது? நானே கரையில நின்னு பார்த்தேனே. சிலருக்கு இந்த மாதிரி சந்தேகம் வரும், அது சாத்தானோட வேலை. ஜெபம் பண்ணுங்க." பாவம், ஜெபம் பண்ணினாள். அதற்கு மேல் யாரோடு மல்லுக்கட்டுவது? புருஷன் வந்ததும் இரண்டு பேருமாகப் போய் நின்றால் தானாகவே தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச காலம் பெரியப்பாவின் கடிதம் வந்தது. பிறகு நின்றது. கம்பெனியில் விசாரித்தால், வேறு முகாமுக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த முகாம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. செத்தாரா, அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டாரா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. என் அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "எவளோட கையையோ பிடிச்சுக்கிட்டுக் குளிச்சிட்டு இருப்பாரு, நீ இங்க காத்துக்கிட்டுக் கிட" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அக்காவும் தங்கையும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் சபைக்குச் சொந்த இடம் கிடைத்தது. மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரி. சுவர் கனமாக இருந்தது, கூரை ஒழுகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐஸ் கட்டி உறைய வைக்கிற தொட்டி ஒன்று தரையோடு தரையாகப் பதிந்திருந்தது. பாப்டிஸ்ட்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தொட்டிக்குப் படி கட்டி, மேலே பலகை போட்டு, பலகைமேல் பிரசங்க மேடையை வைத்தார்கள். முழுக்கு நாளில் மட்டும் மேடையை நகர்த்திப் பலகையைத் தூக்குவார்கள். "உள்ளே போனா ஆளைக் கட்டியாக்கித்தான் அனுப்புவாங்க" என்று ஊரே கேலி பேசியது. கேலியில் பாதி நிஜம். அந்தத் தொட்டித் தண்ணீர் வெயில் காலத்திலும் எலும்பைக் கடித்தது.

பெரியம்மாதான் அதற்கும் வழி செய்தாள். முழுக்கு நாளில் சலவைக்கடைக் கொப்பரையிலிருந்து வெந்நீரைக் கேன்களில் பிடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி, தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் கொட்டுவாள். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாள். வெள்ளை அங்கிகளை அவளே தைத்தாள். தண்ணீரில் அங்கி குடை மாதிரி மிதந்து மானத்தை வாங்கும் என்று, மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை வாங்கிக் கீழ் மடிப்பில் வைத்துத் தைத்தாள். ஆட்கள் நனைந்து நடுங்கிப் படியேறும்போது இடது பக்கம் துண்டை விரித்தபடி நிற்பாள். அப்படியே வாரி அணைத்துத் துடைப்பாள். முதலில் துண்டக்கா என்றார்கள். தலை நரைத்ததும் துண்டம்மா ஆனாள்.

அப்பமும் ரசமும் பரிமாறுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், கோப்பைத் தட்டுகளை மேசைக்கு அனுப்பிவிட்டுப் பின்னறைக்குள் போய்விடுவாள். காலிக் கோப்பைகள் திரும்பி வரும், கழுவுவாள். உள்ளே எல்லோரும் அமைதியாக ஒன்றாகச் சாப்பிடுகிற அந்தச் சில நிமிஷம், கையில் ஈரத் துணியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அதில் கை வைத்ததே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. வேலை செய்கிறவள் சாப்பிட்டாளா என்று எந்த விருந்தில் யார் பார்த்தார்கள்?

எனக்கு எப்படித் தெரியும் என்றால், படிக்கிற காலத்தில் நான் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் நான் உட்காரப் போனால் ஒரு நொடி தயங்கித்தான் சரி என்பாள். ஒருநாள் அங்கிகளை இஸ்திரி போட உதவும்போது, அடியில் ஒன்று ஆளுயரத்துக்கும் மேல் நீண்டு கிடந்தது. யாரும் ஒரு தடவைகூடப் போடாத அங்கி.

"இது யாருக்குப் பெரியம்மா?"

"உங்க பெரியப்பாவுக்கு" என்றாள், அவர் குளித்துக்கொண்டிருப்பது போல. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனுஷன்மேல், சபைமேல், இவள்மேல். "நீங்க பாட்டுக்கு இறங்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன். பெரியம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் தனியா இறங்கினா, அவரு வரமாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்டி. அதை என் வாயால சொல்ல முடியல" என்றாள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கினால் அவளுக்கு ஒரு சபை கிடைக்கும், புருஷன் போய்விடுவார். இறங்காதவரை வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கலாம். அவள் திரும்பிப் பார்ப்பதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

விழாவுக்குச் சில வாரம் முன்பு போன் வந்தது. "நீ கொஞ்சம் வந்துட்டுப் போ." அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போய்ப் பார்த்தால், புதுப் பாஸ்டர் எழுதிக் கொடுத்த அழைப்பிதழை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"முதல் முழுக்கு சாட்சியாம். நான் என்னத்தைச் சொல்ல?"

"வாய்க்கால்ல இறங்கினேன், நனைஞ்சேன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே" என்றேன். பட்டணத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் சட்டென்று வரும்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு நாளா மனப்பாடம்கூட பண்ணினேன். ஆனா அந்த மேடைக்குக் கீழதான் தொட்டி இருக்கு. அதுமேல நின்னுக்கிட்டு எப்படிச் சொல்ல?" அழைப்பிதழைத் தள்ளி வைத்துவிட்டு, "இருந்த எல்லாரும் போயிட்டாங்க. நானும் இப்படியே போயிட்டா, எந்தப் பக்கமும் சேராம போயிடுவேன். அங்க அவரும் இல்ல, இங்க இவங்களும் இல்ல" என்றாள். குரல் உடையவில்லை.

அந்த வாரச் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். பாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மருந்துக்கடைக்காரரின் மகன்தான் இப்போது சபை நிர்வாகம் பார்க்கிற டீக்கன். அப்பாவின் சிரிப்பையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டவர்.

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா இதெல்லாம்? உங்களை மிஞ்சின விசுவாசி யாரு? இருக்கிறபடியே ஏத்துக்கிட்டோம்னு ஒரு தீர்மானம் போட்டுடுவோம். வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் கேவலம்."

"அப்படின்னா ரோட்டுல போற யாரை வேணும்னாலும் அப்படியே ஏத்துக்கலாமே. தொட்டி எதுக்கு? அதுல திரும்ப ஐஸ் போட்டு வித்துடுங்க" என்றாள் பெரியம்மா. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

முறைப்படியே செய்யுங்கள் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். முறை என்னவென்றால், சாட்சி சொன்னவர் வெளியே போய்விட வேண்டும். சபை உள்ளே பேசி, கை தூக்கி, பிறகு கூப்பிடும். பெரியம்மா வெளியே வந்து நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சைத் துடைக்கிறவளும் அவள்தான். நான் சபையைச் சேர்ந்தவள் இல்லை என்பதால் என்னையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, துணைக்கு இருந்தேன். அவள் விரலால் பெஞ்சின் விளிம்பைத் தடவியபடி, "வேண்டாம்னு சொல்லிட்டா?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே பயந்து போயிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கொப்பரையில் வெந்து வெந்து மரத்துப் போன கை, சில்லென்று இருந்தது.

உள்ளே எல்லோரும் கை தூக்கினார்களாம். டீக்கனின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக.

விழாவன்று மேடையை நகர்த்திப் பலகையைத் தூக்கினார்கள். இப்போது தொட்டிக்கு ஹீட்டர் உண்டு. இருந்தாலும் விடிந்ததும் போய் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். நாற்காலி கிடைக்காமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். தெருவைப் பார்த்த பெரிய இரும்புக் கதவை, முன்பு ஐஸ் வண்டி வந்து நின்ற அந்தக் கதவை, காற்றுக்காக முழுக்கத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கியோடு பெரியம்மா படியிறங்கினாள். ஈயக் குண்டுகள் ஒவ்வொரு படியிலும் தட்டின. பாஸ்டர் சட்டையில் மாட்டியிருந்த மைக்கை அணைக்க மறந்து தண்ணீருக்குள் நின்றார்.

கேள்விகள் கேட்டார். பதில் சொன்னாள். அவர் அவள் முதுகில் கை வைத்துச் சாய்க்கப் போனபோது, "ஐயா, கொஞ்சம் இருங்க" என்றாள்.

கதவைப் பார்த்தாள். கூட்டத்தின் தலைக்கு மேலே, வெயில் அடிக்கிற தெருவை. அங்கே ஒரு சைக்கிள் போயிற்று. ஒரு பெண் பையோடு நடந்து போனாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று மறுபடி அவளைப் பார்த்தார்கள். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பாஸ்டர் நல்ல பையன், அவசரப்படுத்தவில்லை.

"சரிங்க ஐயா" என்றாள் கடைசியில். "அவரு வரமாட்டாரு."

மெதுவாகத்தான் சொன்னாள். மைக் அதை எடுத்து, கூரையிலிருந்த எல்லா ஸ்பீக்கரிலும் சொன்னது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள்.

எழுந்ததும் பாட்டு வெடித்தது. எல்லோரும் அழுதபடி பாடினார்கள், கை தட்டினார்கள். பெரியம்மா தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி, கண்ணைத் திறக்க முடியாமல், இடது பக்கம் கையை நீட்டினாள். அங்கே யாரும் இல்லை. இத்தனை வருஷமாக அங்கே நின்றவள் அவள்தான். வேறொருவர் நிற்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாட்டின் சத்தத்தில் அந்தக் கை காற்றைத் துழாவியது. நான் நாற்காலிகளை இடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சேர்வதற்குள், அவளே இரண்டடி நடந்து, தானே மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து படியில் சொட்டியிருந்த தண்ணீரையும் துடைத்தாள்.

அன்றைக்கு அப்பமும் ரசமும் வாங்கினாள். இரண்டாவது வரிசையில், ஈரத் தலையோடு. சின்னத் துண்டு அப்பத்தை ரொம்ப நேரம் மென்றாள்.

சாயங்காலம் வீட்டில் மேசை விரிப்பை எடுத்துவிட்டு, பெரியப்பாவின் நீள அங்கியை விரித்தாள். கீழ் மடிப்பைப் பிரித்து ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு டப்பாவில் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்து, சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்தாள்.

"என்ன பெரியம்மா இது?"

"கோப்பை துடைக்கத் துணி பத்தல. இது நல்ல துணி, கிடந்து வீணாப் போகுது."

என் வாய் சும்மா இருக்காது. "நாளைக்கே பெரியப்பா வந்து நின்னா?"

"வந்தா போட்டிருக்கிற சட்டையோட இறங்கட்டும். நான் கரையிலதான் நிப்பேன், சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்த பிறகும் கத்தரிக்கோல் நகரவில்லை. துணியில் கையை ஊன்றியபடி நின்றாள், தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து கொடியில் காய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு போய், விரித்துப் பிடித்து நின்றேன்.